முன்சக்கரத்தில் மேலத்தெரு

ஆழாங்கரைக்காரர்களைப் பற்றி வெளியூரில் பல கதைகள் உலவுகின்றன. பாதிக்கு மேல் பொய். கோடையில் ஆறு வற்றியதும் பாலத்தைக் கழற்றி வீட்டுக்குள் பத்திரப்படுத்தினார்கள் என்பார்கள். சுத்தப் பொய். கழற்றப் போனது உண்மை. கல்பாலம் என்பதால் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் குத்தாலிங்கத்தின் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்வார்கள். அது மட்டும் நடந்தது. நடந்தபடியே சொல்கிறேன்.

கொம்பையாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஆழாங்கரை பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கடையென்றால் காற்றடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும்தான். கூட மூன்று கூட்டாளிகள். ஆவுடையப்பன் யோசிக்கிறவன். மாசானம் தூக்குகிறவன். பிச்சுமணி சந்தேகப்படுகிறவன். நாலு பேரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே வகுப்பில் நின்றுபோனவர்கள். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். இம்மி கூடாது, இம்மி குறையாது. ஒருதடவை யாரோ ஒரு வெளியூர்க்காரர், "தம்பி, இந்த சைக்கிளைக் கொஞ்சம் பிடி" என்று மாசானத்திடம் கொடுத்துவிட்டு, அவசரத்தில் பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் அவர் வந்து இறங்கியபோது மாசானம் பிடித்த பிடியில் நின்றுகொண்டிருந்தான். கையை மாற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டானாம்.

கொம்பையாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வெள்ளப்பாண்டி வீட்டில் சாப்பாடு, கடையில் வாசம். அவன் மனசில் இருந்தது செண்பகவல்லி. மூன்று மைல் தள்ளி சிவந்திக்குளத்தில் ரேஷன் கடையில் பில் போடுகிறவள். ஒருநாள் அவள் இவனிடம், "மெஷின்ல கட்டைவிரலை வைங்க" என்றாள். வைத்தான். எடுக்கச் சொல்ல மறந்து அவள் உள்ளே மூட்டை எண்ணப் போய்விட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வைதார்கள், தள்ளினார்கள், ஒருவர் இடுப்பைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். கொம்பையா விரலை எடுக்கவில்லை.

அரைமணி கழித்து வந்தவள், "இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றாள்.

"நீங்க எடுக்கச் சொல்லலையே" என்றான் கொம்பையா.

செண்பகவல்லிக்கு முப்பத்தொரு வயது. அவள் சொன்ன சொல்லை ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு மதித்து அதுவரை அவள் கண்டதில்லை. சாயங்காலமே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

அப்பா குத்தாலிங்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். வாயால் சொல்வதைவிட எழுதிக்கொடுப்பதில் நம்பிக்கை உள்ளவர். அவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை கப்பலேறிப் போகும்போது விட்டுவிட்டுப் போனதை அவருடைய அப்பா வாங்கியது. ஆள் உயரம், கம்பி பிரேக், தோல் சீட்டு. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதென்றால் பெண்ணின் தகப்பன் அந்த சைக்கிளில் ஏறித்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார். போய் இலை போட்டுச் சாப்பிடுவார். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி; அதற்குப் பிறகு பின்வாங்குவது அந்தப் பக்கத்தில் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், சைக்கிள் இருபது வருஷமாகத் தொழுவத்தில் கிடந்தது. ரிம் இரண்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து, கம்பியெல்லாம் துருவேறிப் போயிருந்தது.

"நான் சரி பண்ணித் தாரேன் மாமா" என்றான் கொம்பையா. அதுவரை அவன் ஒரு சக்கரத்தையும் பிரித்துக் கட்டியதில்லை. காதல் வந்துவிட்டால் ஆழாங்கரைக்காரனும் மற்றவர்களைப் போலத்தான்.

குத்தாலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வைகாசி இருபது, ஞாயித்துக்கிழமை. இந்த சைக்கிள்ல ஏறி நான் உன் வீட்டுக்கு வந்தா கை நனைப்பேன். இதுல வரமுடியலைன்னா வேற எதுலயும் வரமாட்டேன். பஸ்ஸுல போயி சம்பந்தம் பேசுத குடும்பம் இல்ல எங்க குடும்பம். வெளங்குதா?"

விளங்கியது. கல்யாணம் நடப்பதும் நடக்காததும் அந்த இரண்டு சக்கரத்தில் இருக்கிறது. குத்தாலிங்கம் ஒரு பழைய மணியார்டர் பாரத்தின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதி அவன் கையில் கொடுத்தார்.

முதல் வரி: சக்கரம் தரையில் படாமல் கொண்டுசெல்லவும்.

நாலு பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கினார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். வழியில் வெயில் ஏறியதால் மாசானம் தன் துண்டை விரித்து சைக்கிளின் மேல் போர்த்தினான். தலையாரிவிலக்கு பஸ் ஸ்டாப்பில் இருந்த ஆட்கள் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பீடியைக் கீழே போட்டார்கள். ஒரு பெரியவர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தார். ஒரு பர்லாங் நடந்த பிறகு மெதுவாக, "எத்தனை வயசு?" என்று கேட்டார்.

"அறுவது எழுவது இருக்கும்" என்றான் ஆவுடையப்பன்.

"ஆண்டு அனுபவிச்சாச்சு. என்ன செஞ்சுது?"

"முன்பக்கமும் பின்பக்கமும் கோணிப்போச்சு."

"வாதம்" என்றார் பெரியவர். ஊர் எல்லைவரை வந்தார். சைக்கிள் என்று தெரிந்த பிறகும் பாதியில் திரும்புவது மரியாதையில்லை என்று கடைவரை வந்து, குளித்துவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷன்.

இரண்டாம் வரி: சக்கரங்களை மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறவைக்கவும். சக்கரம் கொள்ளும் பாத்திரத்துக்கு எங்கே போவது? கோயில் அண்டாவைக் கேட்டு வாங்கினார்கள். சக்கரத்தை நிமிர்த்தி உள்ளே வைத்து மண்ணெண்ணெயை ஊற்றினால் பாதிச் சக்கரம்தான் முங்கியது. மூன்று நாள் பொறுத்தார்கள். கீழ்ப்பாதி பளிச்சென்று ஆகிவிட்டது. மேல்பாதி துருவோடு அப்படியே நின்றது.

"இப்ப மேப்பாதி ஊறணும். அதுக்கு எண்ணெய் மேல வரணும்" என்றான் ஆவுடையப்பன்.

"எப்படி வரும்?" என்றான் பிச்சுமணி.

"அண்டாவைத் தலைகீழாக் கவுத்தினா கீழ இருக்கது மேல வந்துதான ஆகணும்."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. மாசானம் கவிழ்த்தான். அன்றைக்கு பஸ் ஸ்டாப் முழுக்க மண்ணெண்ணெய் ஓடி, இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்கவில்லை. மேல்பாதியை அப்புறம் மணலும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்தே எடுத்தார்கள்.

மூன்றாம் வரிதான் ஊரைக் கலக்கிய வரி. குத்தாலிங்கம் இப்படி எழுதியிருந்தார்: புதுக் கம்பி போடக் கூடாது. இங்கிலாந்துக் கம்பியையே கழற்றித் துடைத்து, எந்தக் கம்பியை எங்கிருந்து எடுத்தாயோ அங்கேயே திரும்பப் பூட்டவும்.

முதலில் கம்பிகளை எண்ணினார்கள். முன்சக்கரத்தில் முப்பத்திரண்டு. பின்சக்கரத்தில் நாற்பது. மறுபடி எண்ணினார்கள். அதேதான்.

"எட்டுக் கம்பியை யாரோ களவாண்டுட்டானுவ" என்றான் பிச்சுமணி.

"அப்படின்னா முன்சக்கரத்துல ஓட்டை காலியா இருக்கணும்லா? ஓட்டையும் முப்பத்திரெண்டுதான் இருக்கு" என்றான் கொம்பையா.

"ஓட்டையையும் சேத்துக் களவாண்டிருக்கான். வெள்ளக்காரன் ஊருத் திருடன் லேசுப்பட்டவனா இருப்பானா?"

அந்தக் காலத்து இங்கிலாந்து சைக்கிளெல்லாம் அப்படித்தான். ஆள் பாரம் பின்சக்கரத்தில் இறங்குவதால் அதற்கு எட்டுக் கம்பி கூட. இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆக மொத்தம் எழுபத்திரண்டு கம்பி. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. எது எங்கிருந்து வந்தது என்று அடையாளம் வைப்பது எப்படி? நம்பரைச் சீட்டில் எழுதிக் கட்டலாம் என்றான் கொம்பையா. பிச்சுமணி ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டு தலைகீழாகத் திரும்பினால் ஆறு ஒன்பதாகிவிடும், ஒன்பது ஆறாகிவிடும், அப்புறம் மாமனாருக்கு யார் பதில் சொல்வது என்றான். ஆவுடையப்பன் கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தான்.

"நம்மூர் மேலத்தெருவுல எத்தனை வீடு?"

"முப்பத்திரெண்டு" என்றான் கொம்பையா.

"கீழத்தெருவுல?"

"நாப்பது."

நாலு பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. துரை கப்பலேறும்போது இதை நினைத்துத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றே தோன்றியது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னதாக நறுக்கி, வீட்டுக்கு ஒரு சீட்டாக வீட்டுத் தலைவன் பெயரை எழுதி, காற்றடிக்கிற வால்வுக்குப் பக்கத்தில் தொடங்கி வரிசையாக நூல் போட்டுக் கட்டினார்கள். முன்சக்கரத்தில் மேலத்தெரு, பின்சக்கரத்தில் கீழத்தெரு. மனுஷன் தலைகீழாக நின்றாலும் பெயர் மாறாது. பிச்சுமணிக்கே சந்தேகம் வரவில்லை.

பிரித்தார்கள், துடைத்தார்கள், ரிம்மின் நெளிசலை மரச்சுத்தியலால் தட்டி எடுத்தார்கள். இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சைக்கிள் கம்பி நடுவில் இருந்து நேராக ரிம்முக்குப் போகாது. சாய்வாகப் போகும். போகிற வழியில் மூன்று கம்பியையாவது குறுக்கே தாண்டும். அதில் ஒன்றின் மேல் உரசிச் சாய்ந்துகொண்டுதான் போகும். முன்சக்கரத்தைப் பூட்டி முடித்துப் பார்த்தபோது, சிவனுவின் கம்பி மாடக்கண்ணுவின் கம்பிமேல் சாய்ந்திருந்தது.

சிவனுவும் மாடக்கண்ணுவும் ஒரு முருங்கைக் கிளை காரணமாகப் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அரைமணிக்குள் இருவரும் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"அவன் மேல என்னைய எதுக்குவே சாச்சு வச்சிருக்கிய?" என்றார் சிவனு. அவர் கொம்பையாவிடம் கேட்டார்.

"அவன் பாரத்தை நான் எதுக்குத் தாங்கணும்?" என்றார் மாடக்கண்ணு. அவரும் கொம்பையாவிடம்தான் கேட்டார்.

"சீட்டை அவுத்து வேற கம்பியில மாத்திக் கட்டிரலாமே" என்றான் மாசானம். பாவம், அவன் தூக்குகிறவன்.

ஆவுடையப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "சீட்டை மாத்தினா அந்தக் கம்பிக்குத் தன் வீடு எதுன்னு எப்படிடே தெரியும்?"

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். மாமனார் எழுதியதை மீறவும் முடியாது, சிவனுவைச் சாய்க்கவும் முடியாது. கடைசியில் பழைய டியூபில் ஒரு துண்டு நறுக்கி, இரண்டு கம்பிக்கும் நடுவில் வேலி மாதிரி செருகினார்கள். சிவனு குனிந்து பார்த்தார். ரப்பரைத்தான் தொடுகிறோம், அவனைத் தொடவில்லை என்று திருப்திப்பட்டுப் போனார். செய்தி பரவியதும் கீழத்தெருவில் இருந்து ஆறு பேர் வேலி கேட்டு வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தான் கொம்பையா. அவனுக்கு வைகாசி இருபதுதான் கண்ணில் நின்றது. இன்னும் பன்னிரண்டு நாள்.

நாலாம் வரி: சக்கரத்தைச் சுற்றிவிடவும். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியை இறுக்கவும்.

இதைத்தான் கோட்டம் எடுப்பது என்கிறோம். கொம்பையா சுற்றிவிட்டான். சக்கரம் குடித்தவன் நடப்பதுபோல இடமும் வலமும் ஆடியது. இடதுபக்கம் ஒதுங்கிய இடத்துக்கு எதிர்க்கம்பியில் இருந்த சீட்டைப் படித்தான். ஐயம்பெருமாள். திருகினான். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது ஐயம்பெருமாள் வாசலில் நின்றார்.

"ஊர்ல இத்தனை வீடு கெடக்கையில என்னைய மட்டும் போட்டு இறுக்குதியாமே. நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"நான் இறுக்கலை அண்ணாச்சி. சக்கரம் சொல்லுது" என்றான் கொம்பையா.

"சக்கரத்துக்கு என்னைய எப்படித் தெரியும்?"

கொம்பையா அவரைத் தளர்த்தி, அவருக்கு அடுத்த வீட்டை இறுக்கினான். மத்தியானம் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். தளர்த்தப்பட்டவர்களும் வந்தார்கள், எங்களை மட்டும் லொடலொடவென்று தொங்கவிட்டால் நாங்கள் ஊரில் ஆளில்லையா என்று கேட்டார்கள். நாலு நாள் இப்படியே போனது. சக்கரம் முன்னைக்கு இப்போது கூடுதலாக ஆடியது. கொம்பையா சோறு தின்பதை விட்டுவிட்டான். செண்பகவல்லி ரேஷன் கடையில் அவன் முகத்தைப் பார்த்து, "சக்கரம் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் சம்மதிக்கவில்லை என்றான். கல்யாணத்துக்கா என்று அவள் பதறினாள். இறுக்குவதற்கு என்றான்.

கடைசியில் ஆவுடையப்பன்தான் ஊரைக் கூட்டினான்.

"யாருக்கும் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவங்கவங்க கம்பியை அவங்கவங்களே வந்து திருகிக்கிடுங்க. பக்கத்து வீட்டுக் கம்பியை ஒரு தட்டு, உங்க கம்பியை ஒரு தட்டு. ரெண்டும் ஒரே சத்தம் குடுக்கணும். சத்தம் ஒண்ணா இருந்தா இறுக்கமும் ஒண்ணுதான்."

"என் காதும் அவன் காதும் ஒண்ணா?" என்றான் பிச்சுமணி.

"ஊரே கேக்கட்டும்."

மூன்று நாள் நடந்தது அந்த வைபவம். வீட்டுக்கு ஒருவராக வரிசையில் வந்தார்கள். டிங் என்று பக்கத்து வீட்டைத் தட்டுவார்கள். டிங் என்று தன்னைத் தட்டுவார்கள். ஒரு நூலிழை வித்தியாசம் இருந்தாலும் சுற்றி நின்றவர்கள் விடவில்லை. "ஐயம்பெருமாள் கால் திருகு ஏமாத்துதாரு" என்று ஒரு குரல் வரும். அவர் முணுமுணுத்துக்கொண்டே கால் திருகு திருகுவார். அடுத்தவன் தன்னைவிட ஒரு மயிரிழை தளர்வாக இருந்துவிடக் கூடாது என்று எழுபத்திரண்டு குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் கொம்பையா சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு சுண்ணாம்புக் கட்டியை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்தான். ஓர் இடத்திலும் தொடவில்லை. இங்கிலாந்தில் அதைச் செய்தவனே அப்படிக் கட்டியிருக்க மாட்டான்.

எப்படி வந்தது என்று நாலு பேருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கெடுத்திருப்பார்கள்.

ஐந்தாம் வரி: வைகாசி இருபது காலை கொண்டு வரவும். தோளிலேயே கொண்டுபோனார்கள். தரையில் விடலாம் என்று யாரும் எழுதவில்லையே. குத்தாலிங்கம் புது வேட்டி கட்டித் தயாராக நின்றார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி சுற்றிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்த மனுஷன், அவருக்குத் தெரியாதா.

"நல்லா கட்டியிருக்க" என்றார். அவர் வாயால் ஒருவரை நல்லபடியாகச் சொல்லி சிவந்திக்குளத்தில் யாரும் கேட்டதில்லை. "இது என்னது, சீட்டு சீட்டாத் தொங்குது?"

"ஊரு, மாமா."

"அவுத்துரு."

"அவுத்தா அவங்க வீட்டுக்கு எப்படிப் போவாங்க?"

குத்தாலிங்கம் ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் தண்ணீரில் போவதுபோலப் போனது. பின்னாலேயே செண்பகவல்லி தன் ஸ்கூட்டியில் வந்தாள். குடியிருக்கப் போகிற ஊரை நானே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்தவள். நாலு பேரும் பக்கத்தில் ஓடினார்கள். மூன்று மைலும் கொம்பையா ரோட்டைப் பார்க்கவில்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓடினான். இரண்டு தடவை ஓடையில் விழுந்தான். அவ்வளவு சந்தோஷம் அவன் அதற்குமுன் பட்டதில்லை.

வெள்ளப்பாண்டி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கக் கூடி நின்றது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டதும் எல்லாரும் குனிந்து அவரவர் சீட்டு சுகமாக வந்து சேர்ந்ததா என்று பார்த்தார்கள். உள்ளே இலை போட்டாயிற்று. வெள்ளப்பாண்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து சம்பந்தியிடம் நீட்டினான். குத்தாலிங்கம் கையை நீட்டப் போனார்.

"ஒரு சந்தேகம்" என்றான் பிச்சுமணி.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"கொம்பையா இதுவரைக்கும் அண்ணன் வீட்டுக் கணக்கு. கல்யாணம் ஆச்சுன்னா தனிக்குடித்தனம். அப்ப ஊர்ல வீடு எழுபத்துமூணு. கம்பி எழுபத்திரெண்டு. எழுபத்துமூணாவது வீடு எங்க இருக்கும்?"

சிவனு மாடக்கண்ணுவையே பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல்தடவை. அவ்வளவு பெரிய சிக்கல்.

"ரிம்முல இன்னொரு ஓட்டை போடலாம்" என்றான் மாசானம்.

"ஓட்டை போட்டா எல்லா வீடும் அரைவிரக்கடை தள்ளி உக்காரணும். நான் எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்க எடத்தை விட்டு நகரமாட்டேன்" என்றார் ஐயம்பெருமாள்.

"பெல்லுல கட்டலாமே" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"பெல்லு என்ன வீடா? வாரவன் போறவன்லாம் அடிப்பான்" என்றான் பிச்சுமணி.

"அப்ப யாராவது ஒரு குடும்பம் ஊரைக் காலி பண்ணணும்" என்றான் ஆவுடையப்பன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் மறுபடியும் கண்ணை மூடி யோசித்தான். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "இல்லைன்னா கல்யாணத்தை நிறுத்தணும்."

கூட்டாளி சொல்வதில் ஒரு தப்பும் கொம்பையாவுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அவனே கையால் எண்ணிக் கழற்றியவன். எழுபத்திரண்டுதான். ஓட்டை மிச்சம் இல்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குத்தாலிங்கம் செம்பைத் தள்ளினார். "என் மகளுக்கு ஒரு கம்பிகூட இல்லாத ஊருல நான் எப்படிக் கை நனைப்பேன்?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் சொல்லியாயிற்று. அவர் சொன்ன சொல்லில் இருந்து மாறாத மனுஷன்.

அப்போதுதான் செண்பகவல்லி முன்னால் வந்தாள். பன்னிரண்டு வருஷமாக ரேஷன் கார்டு பார்க்கிறவள்; இதெல்லாம் அவளுக்கு ஒரு சிக்கலா?

"ஒரு கார்டுல ரெண்டு பேரைச் சேக்கிறது இல்லையா? அண்ணன் சீட்டுலயே இவரு பேரையும் சேத்து எழுதுங்க. முடிஞ்சுபோச்சு."

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தான். "ஒரு கம்பி ரெண்டு குடும்பத்தைத் தாங்குமா?"

"தாங்கும்."

"மூணு?"

"பேருதான அண்ணே. எத்தனை வேணாலும் தாங்கும்."

"எழுபத்துமூணு?"

"அதையும்தான் தாங்கும். அப்பா, கையைக் கழுவுங்க. சோறு ஆறுது."

ஊரே மூச்சு விட்டது. குத்தாலிங்கம் கையைக் கழுவினார். கை நனைந்தது. கொம்பையா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாற ஓடினான். சாம்பாரை யாருக்கு ஊற்றினோம், எங்கே ஊற்றினோம் என்று அவனுக்கு நினைவில்லை. செண்பகவல்லி ஒருதடவை அவனைப் பார்த்துச் சிரித்தாள். "போதும்" என்று அவள் சொல்லும்வரை அவள் இலையில் அவன் அப்பளம் வைத்துக்கொண்டே இருந்தான். அவள் சொல்ல மறந்ததால் முப்பத்தொன்று ஆயிற்று.

வெளியே ஆவுடையப்பனும் மாசானமும் பிச்சுமணியும் சாப்பிட உட்காரவில்லை. சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களும் கூடி நின்று தலையாட்டினார்கள். எவ்வளவு நல்ல பெண், எவ்வளவு புத்தி என்று மெச்சுகிற சத்தம் உள்ளேயும் கேட்டது. குத்தாலிங்கம் பெருமையோடு இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டார்.

வெற்றிலையும் போட்டு முடித்து அவர் வாசலுக்கு வந்தார். கூடவே மகள் வந்தாள், கொம்பையா வந்தான்.

சைக்கிள் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. முன்சக்கரத்து ரிம் தனியாகத் தரையில் கிடந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஹப்பு ஃபோர்க்கில் தனியாகத் தொங்கியது. பின்சக்கரத்தில் ஒரே ஒரு கம்பி இருந்தது. அதில் எழுபத்துமூன்று சீட்டும் கொத்தாகக் கட்டியிருந்தது. சிவனுவும் மாடக்கண்ணுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். நடுவில் ரப்பர்கூட இல்லை. ஊர் அதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்தது.

ஆவுடையப்பன் மஞ்சள் நூலால் கட்டிய ஒரு கம்பிக் கட்டை இரண்டு கையாலும் ஏந்திவந்து பெண்ணிடம் கொடுத்தான்.

"தங்கச்சி, நீங்க சொன்னபடிக்கு எல்லாரையும் ஒண்ணுல சேத்தாச்சு. இது மிச்சம், எழுபத்தொண்ணு. இத்தனை நாளும் வீணா இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்காவ."

செண்பகவல்லி அப்பாவைப் பார்த்தாள். குத்தாலிங்கம் தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

கொம்பையா குனிந்து கட்டை அவிழ்த்து நிதானமாக ஒவ்வொன்றாக எண்ணினான். எழுபத்தொன்று சரியாக இருந்தது; ஒன்றும் தொலையவில்லை. அவன் முகம் மலர்ந்துபோயிற்று. ஹேண்டில்பாரைப் பிடித்து சைக்கிளை நிமிர்த்தி, மாமனார் ஏறுவதற்குத் தோதாகச் சாய்த்துக் காட்டினான்.

"ஏறுங்க மாமா. இனி மிதிக்க லேசா இருக்கும்."